நூற்றுப்பதினேழாம் எண்ணின் உயரம்

"எழுபத்தொரு வயதில் ஒரு பெண்மணி மூன்று சென்டிமீட்டர் வளர்ந்திருக்கிறார். அவருக்கு என் வாழ்த்துகளைத் தெரிவிக்கவும்."

ஆய்வு வழிகாட்டியான பேராசிரியர் துங்குவிடமிருந்து வெள்ளிக்கிழமை காலை வந்த மின்னஞ்சலில் இவ்வளவுதான் இருந்தது. மனுஷன் கோபப்பட்டால் பக்கம் பக்கமாக எழுதுவார். குழம்பிப்போனால்தான் இப்படிக் கிண்டல். நமுலி அதை இரண்டு தடவை படித்தாள். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் பாவாடை நுனியில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு மூன்றாம் தடவையும் படித்தாள். கண்ணாடியைத் துடைத்தால் எண் மாறிவிடுமா என்ன? அவளுடைய முனைவர் பட்ட ஆய்வேட்டின் பின்னிணைப்பில், நூற்றுப்பதினேழாம் எண்ணுக்கு நேராக, உயரம் முதல் இரண்டு சுற்றில் நூற்று ஐம்பத்து நான்கு என்றும், அடுத்த மூன்று சுற்றிலும் நூற்று ஐம்பத்தேழு என்றும் போட்டிருந்தது. போட்டது அவள்தான்.

திங்கட்கிழமை மாலை ஐந்து மணிக்குள் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும். ஏற்கெனவே இரண்டு முறை தவணை வாங்கியாயிற்று. மூன்றாவது கிடையாது என்று கம்பாலாவில் பல்கலைக்கழக அலுவலகத்து அம்மாள் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள். திங்கள் தவறினால் பதிவு ரத்து. முதலிலிருந்து விண்ணப்பம், முதலிலிருந்து அனுமதி, முதலிலிருந்து அந்த அம்மாளின் முகம்.

எச்.ஐ.வி.யோடு ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் எப்படி மூப்படைகிறார்கள், பிரஷரும் சுகரும் மூட்டுவலியும் அவர்களை என்ன பாடு படுத்துகின்றன என்பதுதான் ஆய்வு. மசாகா பக்கத்துக் கிராமங்களில் இருநூற்றாறு பேர். ஆறு மாதத்துக்கு ஒரு சுற்றாக ஐந்து சுற்று. உயரம், எடை, பிரஷர், விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தமெடுத்துச் சுகர், நான்கு மீட்டர் நடக்க எத்தனை நொடி, கைப்பிடிக் கருவியை இறுக்கினால் எத்தனை கிலோ. திட்டம் போட்டது, அனுமதிக்கு அலைந்தது, அளந்தது, எழுதியது எல்லாமாக நாலரை வருடம். முதுமையை ஆராயப் போன முப்பத்தேழு வயதுக்காரிக்கு இப்போது முழங்கால் கடகடக்கிறது, வயிற்றில் புண், விடிந்து எழுந்தால் முதலில் இடுப்பைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. இருநூற்றேழாவது ஆளாக அவளையே சேர்த்துக்கொள்ளலாம் என்று கயெம்பா அடிக்கடி சொல்வார்.

கயெம்பா என்பவர் அவளுக்கு ஊர் ஊராகப் போய் அளவெடுத்துத் தந்த ஆள். ஐம்பத்தெட்டு வயது. பத்தொன்பது வருடமாக எச்.ஐ.வி. மாத்திரை சாப்பிடுகிறவர். ஆய்வில் அவரே நாற்பத்து நான்காம் எண். மோட்டார் சைக்கிள் ஓட்டுவார், பிரஷர் பார்ப்பார், எவர் வீட்டுக்கு எந்த வாழைத்தோட்டத்தின் வழியே நுழைய வேண்டும் என்று கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்வார். முதல் இரண்டு சுற்றுக்கு நமுலி கூடவே போனாள். அதன் பிறகு வயிற்றுப்பாட்டுக்குக் கம்பாலாவில் வகுப்பெடுக்கப் போக வேண்டியிருந்ததால், மற்ற மூன்று சுற்றும் கயெம்பாவின் பொறுப்பு.

நூற்றுப்பதினேழு வெறும் எண்ணாக இருந்தால்கூட விட்டுத்தொலைக்கலாம். ஆறாம் அத்தியாயமே அந்த எண்ணின் மேல்தான் நிற்கிறது. நக்காசி தெயோபிஸ்தா, லுக்கோமா கிராமம். இரண்டாம் சுற்றில் பிரஷர் நூற்றுத் தொண்ணூற்றெட்டுக்கு நூற்றுப் பதினாறு. நமுலியே தன் கையால் பிரஷர் கிளினிக்குக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தாள். மூன்றாம் சுற்றில் பார்த்தால் நூற்று முப்பதுக்கு எண்பது. கைப்பிடி பதினான்கு கிலோவிலிருந்து பத்தொன்பது. நடை வேகம் கூடியிருக்கிறது. சரியான நேரத்தில் ஒரு சீட்டு, அதனால் மீண்டெழுந்த ஒரு முதுமை! ஆறாம் அத்தியாயத்தில் கட்டம் போட்டு, தனிக்கதையாக எழுதியிருந்தாள். கருத்தரங்கில் படித்தபோது கைதட்டினார்கள். அதைவிடப் பெரிய கைதட்டல் இன்னொன்றுக்குக் கிடைத்தது: இரண்டரை வருடத்தில் இருநூற்றாறு பேரில் இரண்டே சாவு. எப்படி அம்மா இது என்று கேட்டவர்களிடம் நமுலி அடக்கமாகச் சிரித்து வைத்தாள். நம்முடைய அக்கறைதான் காரணம் என்று உள்ளுக்குள் ஒரு நினைப்பு. இருக்காதா பின்னே?

கயெம்பாவைக் கூப்பிட்டாள். அவர் மசாகாவில் அவள் தங்கியிருந்த வாடகை அறையின் வாசலிலேயே வண்டியை நிறுத்தி, செருப்பிலிருந்த செம்மண்ணைத் தட்டிவிட்டு உள்ளே வந்தார்.

"என்ன டாக்டரம்மா, இன்னும் மூணு நாள்தானே? மூஞ்சி ஏன் இப்படித் தொங்குது?"

"இன்னும் டாக்டர் ஆகலைண்ணே. நூத்திப்பதினேழோட உயரத்தை எப்படி அளந்தீங்க?"

"எல்லாருக்கும் அளக்கற மாதிரிதான். சுவத்துல டேப்பை ஒட்டி, தலைமேல புஸ்தகத்தை வெச்சு. நூத்தம்பத்தேழு."

"நான் அளந்தப்போ நூத்தம்பத்து நாலு இருந்துச்சே!"

"ஆமா, அப்போ நூத்தம்பத்து நாலுதான்."

"பின்ன எப்படிண்ணே?"

கயெம்பா அவளைப் பார்த்தார். இவளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்பது போல இருந்தது அந்தப் பார்வை. "எப்படின்னா? இவங்க கொஞ்சம் உசரம்," என்றார்.

நமுலிக்குத் தலை வலித்தது. இந்த ஆளிடம் பேசிப் பிரயோஜனமில்லை. நேரில் போய் அளந்துவிட்டு வந்து, பிழையைத் திருத்தி, ஒரு அடிக்குறிப்புப் போட்டால் ஞாயிறு முழுக்கத் தூங்கலாம். "வண்டியை எடுங்க," என்றாள்.

மழை பெய்து ஓய்ந்த சாலை. இரண்டு தடவை இறங்கி வண்டியைத் தள்ளினார்கள். லுக்கோமாவில் அந்த வீட்டின் முற்றத்தில் ஒரு கிழவி கோரைப்பாயில் உட்கார்ந்து வாழைக்காயைத் தோல் சீவிக்கொண்டிருந்தாள். நமுலி பாயின் ஓரத்தில் மண்டியிட்டு வணங்கினாள். பெரியவர்களுக்கு முன்னால் மண்டியிட்டு வணக்கம் சொல்லும் பழக்கம் கம்பாலாவில் பாதி ஒழிந்துவிட்டது. இங்கே நின்றபடி சொன்னால் ஆறு மாதத்துக்குப் பேசுவார்கள். முழங்கால் இரண்டும் சத்தமாகவே முறையிட்டன.

"வா மகளே. ராத்திரி நல்லாத் தூங்கினியா? வீட்ல எல்லாரும் சௌக்கியமா? வேலையெல்லாம் எப்படி? அய்ய, முழங்கால் இப்படிக் கத்துதே, உனக்கு என்னடி வயசு?"

எல்லாவற்றுக்கும் முறைப்படி பதில் சொல்லிவிட்டுத்தான் நமுலி நிமிர்ந்தாள். நிமிர்ந்தவள் அப்படியே இருந்துவிட்டாள். தெயோபிஸ்தாவை அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. முன்பல் இரண்டு கிடையாது. கைப்பிடிக் கருவியைக் கொடுத்தபோது, "இதை இறுக்கினா பால் வருமாடி?" என்று கேட்டு, தன் கேலிக்குத் தானே சிரித்து, அந்தச் சிரிப்பில் அளவு பதினான்கிலேயே நின்றுவிட்டது. இந்தக் கிழவிக்கு எல்லாப் பல்லும் இருக்கிறது.

பையிலிருந்து தாளை எடுத்தாள். ஆள் மாறாட்டம் வந்துவிடக் கூடாது என்று அவளே வகுத்த விதி ஒன்று உண்டு: எந்த அளவும் எடுக்கும் முன்னால் முழுப்பெயரை உரக்கப் படிக்க வேண்டும், ஆள் குரல் கொடுக்க வேண்டும், அதற்குரிய கட்டத்தில் கோடிட வேண்டும்.

"நக்காசி தெயோபிஸ்தா."

"இருக்கேன்," என்றாள் கிழவி, பள்ளிக்கூடத்துப் பிள்ளை போல.

சுவரோரம் நிற்க வைத்து அளந்தாள். நூற்று ஐம்பத்தேழு. மறுபடி அளந்தாள். கிழவி நேராக, முகவாயைத் தூக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நல்ல பழக்கம் தெரிந்தது.

"அம்மா, கோவிச்சுக்காதீங்க," என்றாள் நமுலி. "நீங்க தெயோபிஸ்தா இல்லையே."

"நான்தான் தெயோபிஸ்தா."

"அவங்களுக்கு முன்பல் கிடையாது."

"அது அக்காவுக்கு. எனக்கெதுக்குப் பல்லு போகணும்?"

நமுலி கயெம்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அவர் வாழைத்தோலில் வழுக்காமல் சௌகரியமான இடம் பார்த்து உட்கார்ந்துகொண்டிருந்தார். "வாரிசும்மா," என்றார் சாவகாசமாக. "பெரியவங்க தவறிட்டாங்க. இவங்க தங்கச்சி பஸ்காசியா. கடைசிக் காரியத்தன்னிக்கு இவங்களுக்குத்தான் மரப்பட்டைத் துணி கட்டினாங்க. நானும் வந்து சாப்பிட்டேனே."

"கூடையும் கத்தியும் கையில குடுத்து, இன்னையிலேருந்து நீதான் தெயோபிஸ்தான்னு குலத்துப் பெரியவர் சொன்னாரு," என்றாள் பஸ்காசியா. "அவ பிள்ளைங்க என்னைத்தான் அம்மாங்குதுங்க. மாதா சங்கத்துல அவ இடத்துல நான்தான் உக்காரறேன். இவரு வந்து, அஞ்சு தடவை அளவு குடுக்கறதா அக்கா உங்களுக்கு வாக்குக் குடுத்திருக்கான்னாரு. ரெண்டு தடவை அவ குடுத்திருந்தா. மிச்சம் மூணை நான் முடிச்சேன். பாக்கி எதுவும் இல்லியே?"

தெரியாத சங்கதியா இது? நமுலியும் அந்த மண்ணில் பிறந்தவள்தானே. அம்மா செத்தபோது அவளுக்கு ஐந்து வயது. அந்த வருடங்களில் மாத்திரை வரவில்லை. அந்த நோய் வந்தவர் யாரும் கிழவராகவில்லை. முப்பத்தொரு வயதில் போய்ச் சேர்ந்த அம்மாவின் இடத்தில் சின்னம்மா இமெல்தாவுக்குத் துணி கட்டி, இனி இவள்தான் உன் அம்மா என்றார்கள். நமுலி அன்றைக்குக் கத்திய கத்தலில் விருந்துக்கு வந்தவர்கள் சாப்பாட்டை நிறுத்தினார்கள். சின்னம்மாதான் வளர்த்தாள், படிக்க வைத்தாள், இன்றைக்கும் ஞாயிறுதோறும் போன் செய்கிறாள். ஒரு நாளும் நமுலி அவளை அம்மா என்று கூப்பிட்டதில்லை. மற்றவர்கள் அந்த வழக்கத்தைப் பற்றிப் பேசினால் எழுந்து போய்விடுவாள். ஆய்வுக்கு விதி எழுதியபோது எல்லாவற்றையும் யோசித்தவள் இதை மட்டும் யோசிக்காமல் போனது ஏன் என்று இப்போது புரிந்தது. புரிந்து என்ன செய்ய?

"கேள்விக்கெல்லாம் என்ன சொன்னீங்க?" என்றாள். குரல் எங்கிருந்தோ வந்தது. "எச்.ஐ.வி. மாத்திரை தவறாம சாப்பிடறீங்களான்னு இவர் கேட்டிருப்பாரே?"

"அக்கா பதினாறு வருஷத்துல ஒரு வேளை தவறவிட்டதில்ல. தவறினதே இல்லைன்னு உள்ளதைச் சொன்னேன். எனக்கு அந்த நோய் இருக்கான்னு யாரும் கேக்கலியே? கேட்டிருந்தா இல்லைன்னு சொல்லியிருப்பேன்."

நமுலி எழுந்து, கயெம்பாவின் கையைப் பிடித்து வாழைத்தோட்டத்து ஓரத்துக்கு இழுத்துப் போனாள். பெரியவர் என்ற மரியாதையெல்லாம் அந்த நிமிஷம் பறந்துவிட்டது.

"ஏன் சொல்லலை?"

"என்னத்தைச் சொல்றது?"

"ஆள் செத்துப்போச்சுன்னு!"

"நீங்க கேட்டது என்ன? தெயோபிஸ்தா வந்தாங்களா இல்லியான்னு. வந்தாங்க. ஆள் செத்தா வாரிசு வருவாங்க. இதைக்கூடவா மைல் கணக்குல வண்டி ஓட்டிவந்து நம்ம முகாந்தா இனத்துப் பொண்ணுக்குச் சொல்லித் தரணும்?" அவருக்கும் இப்போது கோபம் வந்துவிட்டது. "வீடு வீடா அலைஞ்சு ஒருத்தரையும் விடாம பிடிச்சுக் குடுத்திருக்கேன். ஒருத்தரையும் தொலைக்கக் கூடாதுண்ணேன்னு நீங்கதானே மாசாமாசம் போன்ல அழுதீங்க?"

அழுதது உண்மைதான். நமுலிக்கு அடுத்த கேள்வியைக் கேட்கவே பயமாக இருந்தது. கேட்டாள்.

"இன்னும் எத்தனை பேருண்ணே?"

கயெம்பா விரல் விட்டு எண்ணினார். ஒரு கை முடிந்து, மறு கை முடிந்து, மறுபடி முதல் கையின் கட்டை விரலுக்கு வந்து நின்றார். "இவங்களோட சேத்துப் பதினொண்ணு. எழுபத்து மூணாம் எண்ணுதான் கொஞ்சம் தொல்லை. அவருக்குப் பேரன் வாரிசு. முப்பத்தொரு வயசு. நாலு மீட்டர் நடடான்னா ஓடறான். தாத்தா மாதிரி மெதுவாப் போடான்னு நான்தான் அதட்டினேன்."

எழுபத்து மூன்று. கைப்பிடி நாற்பத்தொரு கிலோ. உழைத்து உரமேறிய உடம்பு என்று அவளே ஒரு வரி எழுதியிருந்தாள். இருநூறு பேரின் சராசரி எல்லாவற்றையும் மூடிவிட்டது. கதையாகப் போட்ட ஒரே காரணத்தால் பேராசிரியர் நூற்றுப்பதினேழாம் வரியை மட்டும் உற்றுப் பார்த்திருக்கிறார். எச்.ஐ.வி. கிளினிக்கின் பதிவேட்டோடு ஒப்பிட்டிருந்தால் என்றைக்கோ தெரிந்திருக்கும். அதற்கு வேறொரு அனுமதிக் கடிதம் வேண்டுமாம். எட்டு மாதம் அலைந்து, போதுமடா சாமி என்று விட்டுவிட்டாள். இரண்டு சாவல்ல, பதிமூன்று.

"நீங்களும் ஏற்பாடு பண்ணி வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டாள்.

"பின்ன? என் தம்பி மகன்கிட்ட சொல்லி வெச்சிருக்கேன். நாப்பத்து நாலாம் எண்ணு நீதான்டா, நமுலியம்மா கூப்பிட்டா போயிடணும்னு." அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. நமுலி அவர் கையை விட்டாள்.

திரும்பி வந்தபோது பஸ்காசியா சிறு கூடையில் வறுத்த காப்பிக்கொட்டை கொண்டுவந்து வைத்திருந்தாள். நமுலி இரண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். கசப்பு நன்றாகத்தான் இருந்தது.

"அக்கா எப்படிம்மா போனாங்க?"

"நீ வந்துட்டுப் போன மூணாவது வாரம். துணி துவைச்சுக் காயப்போட்டவ, தலை சுத்துதுடின்னா. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கிச்சு. வண்டி பிடிச்சு ஏத்தறதுக்குள்ள..." பஸ்காசியா கத்தியைத் துடைத்தாள். "அந்த நோயில போவான்னு ஊரே பதினாறு வருஷம் காத்துக்கிட்டிருந்துச்சு. அவ அதை ஜெயிச்சுட்டா. பிரஷர்ல போனா."

"சீட்டு எழுதிக் குடுத்தேனே. பிரஷர் கிளினிக்குக்குப் போகலியா?"

கிழவி எழுந்து உள்ளே போனாள். ஒரு பிளாஸ்டிக் பையோடு வந்தாள். ஜெபமாலை, மாதா சங்கத்து அட்டை, எச்.ஐ.வி. கிளினிக்கின் மஞ்சள் அட்டை, அதற்குள் நான்காக மடித்த ஒரு சீட்டு. நமுலியின் கையெழுத்து. 'அவசரம். வியாழக்கிழமை பிரஷர் கிளினிக் செல்லவும்.' கீழே தேதி, ஒப்பம். மடிப்புக்கூடக் கலையவில்லை.

"செவ்வாய்க்கிழமை எச்.ஐ.வி. கிளினிக்கு. வியாழக்கிழமை பிரஷரு. ரெண்டும் ஒரே காம்பவுண்டுக்குள்ளதான் இருக்கு. ஆனா ஒரே நாள்ல பாக்க மாட்டாங்க. ஒரு வாரத்துல ரெண்டு தடவை டவுனுக்குப் போய் ரெண்டு வரிசையில நிக்க அவளுக்குத் தெம்பில்ல மகளே. அடுத்த வியாழன் போறேன், அடுத்த வியாழன் போறேன்னா. மூணு வியாழன்தான் இருந்துச்சு."

நமுலி அழுதாள். அழ வேண்டும் என்று நினைத்து அழவில்லை. கண்ணாடிக்குள் நீர் முட்டி எழுத்து கலங்கியபோதுதான் அழுகிறோம் என்றே தெரிந்தது. சீட்டு எழுதிக் கொடுத்தாயா என்ற கட்டத்தில் கோடிட்டுவிட்டு, அடுத்த வீட்டுக்குப் போனவள் அவள். அந்த அம்மாள் போனாளா, போக முடிந்ததா என்று ஒரு போன் போட்டதில்லை. வியாழக்கிழமை என்று எழுதிய கைக்கு அது செவ்வாயிலிருந்து எத்தனை தூரம் என்று தெரியவில்லை. இவள் மீண்டெழுந்தாள் என்று கட்டம் போட்டுக் கதை எழுதி, கைதட்டலும் வாங்கியாயிற்று. வெட்கமாக இருந்தது. சோர்வு அதைவிட அதிகமாக இருந்தது.

போன் அடித்தது. பேராசிரியர்.

"என்னம்மா, கிழவி இன்னும் வளர்றாங்களா?"

"சார், அவங்க செத்துட்டாங்க."

"அடடா. எப்போ?"

"ரெண்டாம் சுத்து முடிஞ்சு மூணாவது வாரம்."

மறுமுனையில் ஏதோ ஒரு நாற்காலி நகர்ந்தது. "அப்ப மூணு, நாலு, அஞ்சு?"

"வாரிசு சார்."

அவரும் அந்த மண்ணின் மனிதர். விளக்க வேண்டியிருக்கவில்லை. சட்டென்று ஒரு சிரிப்புச் சிரித்து, பாதியில் நிறுத்தினார். "எத்தனை பேரு?"

"பதினொண்ணு."

அவர் எழுந்து கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு தணிந்த குரலில் சொன்னார்: "நான் சொல்றதைக் கேளு. முதல்ல முதுகு வளைஞ்சு நின்னாங்க, அப்புறம் நிமிர்ந்து நின்னாங்க. அளவெடுத்ததுல பிழைன்னு ஒரு அடிக்குறிப்பு போடு. திங்கட்கிழமை குடுத்துடு. பட்டம் வரட்டும். அப்புறமா ஒரு கட்டுரை எழுதி எல்லாத்தையும் திருத்திக்கலாம். டிசம்பர்ல நான் ரிட்டையர் ஆறேன். எனக்கப்புறம் உன்னை யாரு கண்டுக்கப்போறாங்க? நாலரை வருஷம்மா."

கெட்ட மனிதர் இல்லை அவர். அவளுக்காகத்தான் சொல்கிறார் என்று நமுலிக்குத் தெரியும். செய்துவிடலாம் என்றுகூட ஒரு கணம் தோன்றியது. ஒரு அடிக்குறிப்பு, ஒரே ஒரு வரி. அதன் பிறகு ஞாயிறு முழுக்கத் தூக்கம். ஆனால் பதினொரு பேரைத் தினமும் உயிரோடு வைத்திருக்க வேண்டுமே, யார் எவர் எண்ணென்று ஆயுசுக்கும் நினைவில் வைத்திருக்க வேண்டுமே. அதற்கு அவளிடம் தெம்பில்லை. கையில் அந்தச் சீட்டு இருந்தது.

"முடியாது சார். ஆறாம் அத்தியாயத்தைப் படிச்சிட்டு எவனாவது சீட்டு எழுதிக் குடுத்தாப் போதும்னு முடிவு பண்ணுவான். சீட்டு என் கையில இருக்கு சார். மடிப்புக்கூடக் கலையல."

"பதிவு போயிடும்மா."

"தெரியும் சார்."

"முதல்லேருந்து வரணும்."

"தெரியும்."

அவர் பெருமூச்சு விட்டார். திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். "சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிட்டார்.

பையின் அடியில் இறப்புப் படிவங்கள் இருந்தன. முதல் வருடம் முப்பது அச்சடித்து, இரண்டைத்தான் செலவழித்திருந்தாள். ஒன்றை உருவி, அட்டையில் வைத்து, பாயில் உட்கார்ந்தாள். பஸ்காசியா அதை எட்டிப் பார்த்தாள். எழுத்து தெரியாவிட்டாலும் காகிதம் வேறு என்று தெரிந்துவிட்டது.

"இதென்ன, புதுசா?"

"அக்கா தவறிட்டாங்கன்னு எழுதற தாள்மா."

"எழுதிட்டா?"

"அப்புறம் ஆய்வு இன்னும் நீண்டாலும் உங்க பேரு அதுல இருக்காது. யாரும் அளக்க வர மாட்டாங்க."

கிழவியின் முகம் விழுந்துவிட்டது. "நான் தப்பாப் பண்ணிட்டேனா மகளே? இறுக்கச் சொன்னப்ப ஒழுங்காத்தானே இறுக்கினேன்."

"நீங்க ஒரு தப்பும் பண்ணலைம்மா. தப்பு என்னோடது."

"அதில்லடி." பஸ்காசியா சீவிய காயைத் தண்ணீரில் போட்டாள். "என் பேரைச் சொல்லிக் கூப்பிட ஊரே இருக்கு. பிள்ளைங்க அம்மாங்குதுங்க. சங்கத்துல சகோதரிங்கறாங்க. தெயோபிஸ்தான்னு வாய்விட்டுக் கூப்பிட நீங்க மட்டும்தான் வருவீங்க. வருஷத்துக்கு ரெண்டு தடவை அந்தப் பேரு காதுல விழும். அதுக்காகவே முதல் நாளே குளிச்சு வெச்சிருப்பேன்."

நமுலி பேனாவைப் பாயில் வைத்தாள். "என் அம்மாவும் அந்த நோயிலதான் போனாங்க," என்றாள். "மாத்திரை வர்றதுக்கு முன்னாடி."

"அய்யோ பாவமே. வாரிசு யாரு?"

"சின்னம்மா. கம்பாலாவுல இருக்காங்க. அறுபது வயசு."

"அவளுக்குப் பிரஷர் பாத்தியா?"

இருநூற்றாறு பேருக்கு, ஐந்து சுற்று, ஆயிரத்துக்கும் மேல் தடவை அந்தப் பட்டியைக் கட்டி அவிழ்த்த ஆய்வு. சின்னம்மாவின் கையில் ஒரு தடவைகூடக் கட்டியதில்லை. போன ஞாயிறு போனில், தலை பாரமா இருக்குடி என்று சின்னம்மா சொல்லத் தொடங்கியதும், வேலை இருக்கு, அப்புறம் பேசறேன் என்று வைத்துவிட்டாள். நமுலி தலையைக் குனிந்துகொண்டாள். கிழவி அடுத்த காயை எடுத்துச் சீவினாள்.

கயெம்பா தள்ளி நின்று வண்டிச் சக்கரத்திலிருந்து மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தார். "மீதி பத்து வீட்டுக்கும் போறதா?" என்று குரல் கொடுத்தார்.

"போறோம். நாளைக்கும் திங்கட்கிழமையும் நாலு நாலு. ஞாயித்துக்கிழமை வேண்டாம், நான் கம்பாலா போகணும். பிரஷர் மிஷின் எனக்கு வேணும்."

"மிச்சம் ரெண்டு?"

"செவ்வாய்க்கிழமை. இனிமே என்னண்ணே அவசரம்?"

அவர் மறுபடி சக்கரத்தின் பக்கம் குனிந்தார். அவருடைய முதுகைப் பார்த்தால் அவருக்கும் இன்றைக்குத்தான் வயதானது போலிருந்தது.

நமுலி படிவத்தை நிரப்பினாள். எண், நூற்றுப்பதினேழு. இறந்த தேதி. காரணம். கடைசியாகக் கிளினிக் சென்ற நாள். 'பரிந்துரைச் சீட்டு பயன்படுத்தப்பட்டதா' என்ற கேள்வி படிவத்தில் இல்லை. அவளே ஓரத்தில் எழுதி, இல்லை என்று போட்டாள். தகவல் தருபவர் இறந்தவருக்கு என்ன உறவு என்ற இடத்துக்கு வந்தபோது நிமிர்ந்தாள்.

"உங்களை என்னன்னு எழுதறது? தங்கச்சின்னா?"

"நான்தான் அவ. அதை எழுது."

எழுதினாள். பல்கலைக்கழகத்தில் எந்தக் குழு என்ன கேட்டாலும் கேட்கட்டும். படிவத்தின் கடைசி வரி எல்லாப் படிவத்திலும் இருக்கும் அதே வரிதான், அவளே வகுத்தது: முழுப்பெயரை உரக்கப் படித்துச் சரிபார்க்கவும். காப்பிக்கொட்டையின் கசப்பை விழுங்கிவிட்டு, மண்டியிட்டு நிமிர்ந்து, வாழைத்தோட்டத்துக்குள் இருக்கும் அக்காவின் கல்லறை வரைக்கும் கேட்கும்படி கூப்பிட்டாள்.

"நக்காசி தெயோபிஸ்தா!"

பஸ்காசியா கத்தியைக் கீழே வைத்தாள். ஈரக் கையை மடியில் துடைத்து, முதுகை நிமிர்த்தி, முகவாயைத் தூக்கினாள்.

"இருக்கேன்," என்றாள்.

நமுலி குனிந்து கட்டத்தில் கோடிட்டுத் தேதியைப் போட்டாள்.